பிரிட்ஜ் கதவில் அமெரிக்கா

பாலேந்திரா அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் 1995ஆம் ஆண்டுக் கோடை முழுவதையும் அவர் அங்கேதான் கழித்தார். உடம்பு மட்டும் லண்டன் பிளேஸ்டோவில், தன் வீட்டு முன்னறைச் சோபாவில் கிடந்தது. வைகாசியில் கூரையில் சற்றலைட் தட்டு ஒன்றைப் பூட்டினார். ஆனியில், டெக்சாஸிலோ எங்கேயோ ஒரு பல் வைத்தியர் தன் கூட்டாளியைக் கொன்றாரா இல்லையா என்ற வழக்கு நேரடியாக ஓடத் தொடங்கியது. அத்தோடு மனுஷன் அதற்குள்ளேயே போய்விட்டார். ஊரில், கைதடியில் உப தபாலதிபராக இருந்து முத்திரை குத்திப் பழகிய கை அது. இப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கிழமைக்கு நான்கு நாள் வேலை. மிச்ச மூன்று நாளும் அவர் அமெரிக்க நீதிமன்றத்தில் இருந்தார்.

அமெரிக்கரைப் பற்றி அவரிடம் ஒரு கொள்கையே முளைத்துவிட்டது. கேட்க ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் கொதிக்கிற கெற்றிலுக்காவது சொல்லுவார்.

"இங்கிலிஸ்காரன்ரை காலை நீ மிதிச்சால் அவன்தான் உன்னட்டைச் சொறி எண்டு மன்னிப்புக் கேப்பான். அவனிட்டை நீதி கேக்க ஏலாது, தேத்தண்ணிதான் கேக்கலாம். அமெரிக்கன் அப்பிடியில்லை. பிழையெண்டால் பிழை. பத்துப் பேரிலை ஏழு பேர் தூக்கிலை போடு எண்டு கை உயர்த்துவாங்கள். அதே ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்குப் போய் விம்மி விம்மி அழுவாங்கள். கை உயர்த்தினதும் உண்மை, அழுததும் உண்மை. அதுதான் தம்பி அந்தச் சனத்தின்ரை குணம்."

இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய தலைவிதி அந்த வீட்டில் மூன்று பேருக்கு இருந்தது. மூவரும் வாடகைக்கு இருப்பவர்கள். மன்னாரைச் சேர்ந்த அருட்பிரகாசம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர், நாற்பது வயது, ஞாயிறு பூசை தவறாதவர். கணேசலிங்கம் ஆறு வருடமாகக் கணக்கியல் படித்துக்கொண்டிருப்பவன். எப்போது முடிப்பாய் என்று அவனிடம் கேட்பதை எல்லோரும் நாகரிகம் கருதி நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது சேகர். பாண் பேக்கரி ஒன்றில் காலை ஷிப்ட், இருபத்தொன்பது வயது, வாயைத் திறந்தால் கதை வதனியில்தான் போய் நிற்கும். வதனி அவனுக்குப் பேசி முடித்த பெண். கார்த்திகை பதினோராம் திகதி ஹீத்ரோவில் வந்து இறங்கப் போகிறாள். நான்கு வருடமாகக் கடிதத்தில் மட்டும் கண்டவள் நேரில் வருகிறாள் என்றால் சும்மாவா? சேகர் பாணுக்குப் பதிலாக விரலை மெஷினுக்குள் வைக்காமல் இருந்ததே முருகன் செயல்.

அவனும் வதனியும் இருக்க பாலேந்திரா கீழே முன்னறையைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். உண்மையில் வாக்குக் கொடுத்தது அவர் மனைவி கலாவதி. பாலேந்திரா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். முன்னறையைக் கொடுத்தால் தொலைக்காட்சியைத் தூக்க வேண்டும். மேலே படுக்கையறைக்குக் கொலைக் கேஸைக் கொண்டு வரக் கூடாது என்று கலாவதி சொல்லிவிட்டாள். ஆகவே அந்த வாக்கு பாலேந்திராவின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் மூன்று தடவைச் சட்டத்தின் சேதி அவருக்குக் கிடைத்தது. கலிபோர்னியாவில் அதற்கு முந்திய வருடம் வந்த சட்டம். ஏற்கெனவே இரண்டு பெருங்குற்றம் செய்தவன் மூன்றாவதிலும் பிடிபட்டால் இருபத்தைந்து வருடத்திலிருந்து ஆயுள் வரை உள்ளே. அதன் பெயரையே பேஸ்போல் விளையாட்டிலிருந்து எடுத்திருந்தார்கள்: மூன்று பந்தைத் தவறவிட்டவன் வெளியே. பாலேந்திராவுக்குப் புல்லரித்தது. கோர்ன்பிளேக்ஸ் பெட்டி ஒன்றை வெட்டி, பின்பக்கத்தில் கோடு போட்டு, வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரையும் எழுதிப் பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினார். பிழைக்கு ஒரு கோடு. மூன்று கோடு விழுந்தால் சூட்கேஸ். முதலாவது பெயராகத் தன் பெயரையே எழுதினார். அமெரிக்காவில் சட்டத்துக்கு முன் எல்லோரும் சமமாம். கலாவதியின் பெயரை எழுதப் போனபோது அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பேனை சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"அண்ணை, பந்து விளையாட்டை வைச்சுச் சனத்தைச் சிறைக்கு அனுப்புறதோ?" என்று கணேசலிங்கம் கேட்டான்.

"எங்கடை கிரிக்கெற்றிலை எத்தினை பந்து? ஒண்டு! ஒண்டிலை விக்கெற் விழுந்தால் போ வெளியிலை எண்டுறான். அமெரிக்கன் மூண்டு தரம் பொறுக்கிறான். இப்ப சொல்லு, ஆர் இரக்கமுள்ளவன்?"

அருட்பிரகாசம் மெல்லக் கனைத்தார். "எங்கடை வேதத்திலை எழுபது தரம் ஏழு தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கு அண்ணை. பெருக்கினால் நானூற்றித் தொண்ணூறு."

"அதுக்குப் பிரிட்ஜ் கதவிலை இடம் காணாது," என்றார் பாலேந்திரா.

இதெல்லாம் விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புரட்டாதியில் அப்போது நான்காவது ஆளாக மாடி அறையில் வாடகைக்கு இருந்த யோகன் என்ற பொடியனுக்கு மூன்றாவது கோடு விழுந்தது. அவன் அன்றைக்கே வெம்பிளிக்குப் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு அந்த வீட்டில் சிரிப்பவர்கள் கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தார்கள்.

ஐப்பசி நடுவில் சேகருக்கு இரண்டு கோடு. ஒன்று, சுடுதண்ணீர் சுவிச்சை நாள் முழுக்க அணைக்காமல் விட்டது. மற்றது, முன்கதவை உள்ளே கொளுவிவிட்டுக் குளிக்கப் போய்ப் பாலேந்திராவை ஒரு மணித்தியாலம் மழையில் நிற்க விட்டது. இரண்டும் உண்மையாகவே அவன் பிழைதான். குளிக்கும்போது வதனி வந்து இறங்கும் காட்சியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் வேறென்ன நடக்கும்? இன்னும் ஒரு கோடு விழுந்தால் முன்னறை இல்லை. சூட்கேஸோடு வருகிறவளைச் சூட்கேஸோடு நிற்கிறவன் வரவேற்க வேண்டியதுதான்.

தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி விரதம் வந்தது. போன வருடம் பாலேந்திராவுக்கு நெஞ்சு நோவு வந்து ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தபோது கலாவதி ஒரு நேர்த்தி வைத்திருந்தாள்: இரண்டு பேரும் ஆறு நாள் விரதம் இருந்து, கடைசி நாள் ஆர்ச்வே முருகன் கோயிலில் சூரன்போர் பார்த்து விரதம் முடிப்பது. அவள் பாலும் பழமும் மட்டும். அவர் ஒரு நேரம் மரக்கறிச் சோறு. அந்த ஆறு நாளும் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கக் கூடாது. அதை யாரும் பிரிட்ஜில் எழுதி வைக்கத் தேவையில்லை.

எந்த நாளிலுமே அந்த வீட்டில் சட்டி இரண்டு சாதி. பச்சைப் பிடி போட்டது சைவச் சட்டி. பால் காய்ச்ச, பருப்பு அவிக்க. கறுப்புப் பிடி போட்டது மச்சச் சட்டி. அகப்பையும் வேறு வேறு. லண்டனில் கடவுச்சீட்டைத் தொலைத்தாலும் தொலைக்கலாம், பச்சைப் பிடிச் சட்டிக்குள் மீனைப் போட்டவனுக்கு மன்னிப்பில்லை.

வெள்ளிக்கிழமை, விரதத்தின் நான்காம் நாள், ஹை ஸ்ட்ரீற் சேலைக் கடையில் நின்று நின்று கால் வீங்கிய கலாவதி ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். காலையில் குடித்த பாலோடு நிற்கிறாள். பச்சைப் பிடிச் சட்டியை எடுத்தாள், பாலை ஊற்றப் போனாள், நின்றாள். மூக்கைக் கிட்டக் கொண்டு போனாள். பிறகு சட்டியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கழுவித்தான் இருந்தது. ஆனால் பிடியைப் பூட்டிய ஆணிக்கு அடியில் வெள்ளையாக, மயிரளவு, ஒரு மீன்முள்.

"ஆரடா இது!"

வீடு முழுக்க ஓடி வந்தது. முன்னறையிலிருந்து பாலேந்திரா, மாடியிலிருந்து சேகர், முன்கதவால் அப்போதுதான் நுழைந்த மற்ற இருவர். கலாவதி சட்டியை ஒவ்வொருவர் மூக்குக்கும் நேரே நீட்டினாள். யாரும் வாயைத் திறக்க முன்னம் பாலேந்திரா கையை நீட்டிச் சொன்னார்: "சேகர்தான்! ரெண்டு மணியிலேயிருந்து வீட்டிலை நிண்டவன் அவன் ஒருத்தன்தானே. நான் ரீவிக்கு முன்னாலை. அசையேல்லை."

சேகருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. தீபாவளியன்று அவன் வைத்த சூரைமீன் குழம்பில் மிச்சம் உண்மையில் பிரீசரில்தான் இருந்தது, ஒரு வனிலா ஐஸ்கிறீம் டப்பாவுக்குள், விரதம் முடிந்த பிறகு சாப்பிடுவதற்காக. ஓடிப்போய்ப் பிரீசரைத் திறந்தான். டப்பாவைக் காணவில்லை. அது கழுவிக் கவிழ்த்தபடி மற்ற ஐஸ்கிறீம் டப்பாக்களோடு அலுமாரியில் இருந்தது.

"அக்கா, நான் வேலையாலை வந்து படுத்தனான். அம்மாவாணை நான் தொடேல்லை."

"விசாரிச்சுச் சொல்லுங்கோ," என்றாள் கலாவதி கணவனைப் பார்த்து. "இந்த வீட்டிலை பெரிய வழக்குக் கோடு ஒண்டு நடத்துறீங்களெல்லோ."

அப்படித்தான் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், நீதிமன்றம் கூடியது. பாலேந்திரா கோட் போட்டு, ரை கட்டி, கீழே சாரத்தோடு வந்தார். அரச வழக்கறிஞரும் அவரே, நீதவானும் அவரே. ஜூரிக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும்; கிடைத்தது கலாவதியும் அருட்பிரகாசமும். குற்றம் சாட்டப்பட்ட எதிரி சேகருக்கு வழக்கறிஞர் கணேசலிங்கம். அவன் ஆறு வருடம் படித்தது கணக்கியல் என்று சேகர் முறையிட்டான். அமெரிக்காவில் ஏழைக்கு அரசாங்கம் கொடுக்கும் வழக்கறிஞரும் அப்படித்தான் என்று நீதவான் தள்ளுபடி செய்தார். சாட்சிப் பொருளாகப் பச்சைப் பிடிச் சட்டி மேசை நடுவில் இருந்தது. சுவர்க் கலண்டரில் முருகன் வேலோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாலேந்திராவுக்கு இரவு நித்திரை இல்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனால் எழுந்து நின்று முதல் வசனத்தைத் தொடங்கியதும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. கோடை முழுக்கச் சேர்த்து வைத்த அமெரிக்கா முழுவதும் அவர் வாய்க்குள் வந்து நின்றது.

"கனம் ஜூரிமாரே! இது வெறும் சட்டியில்லை. ஒரு நாட்டின்ரை குணம் அதின்ரை சட்டத்திலை தெரியும், ஒரு வீட்டின்ரை குணம் அதின்ரை சட்டியிலை தெரியும். வெளியிலை மழை. ஊரெல்லாம் விரதம். இந்த எதிரி என்ன செய்யிறான்? பூனை மாதிரிக் குசினிக்குள்ளை வாறான். பிரீசரைத் திறக்கிறான். உள்ளுக்கை என்ன? சூரை மீன்! சாதாரணச் சூரையோ? புளிக்குப் பதிலா மாங்காய்ச் சீவல் போட்டு, வெந்தயம் தூவி, அந்த மாங்காய் மீனோடை ஊறி, ஆஹா, விரலை நக்கினால் விரலும் போயிடும்! அப்பிடி ஒரு குழம்பை…"

கலாவதி தலையை நிமிர்த்தினாள்.

சேகருக்கு முதலில் பெருமைதான் வந்தது. தன் குழம்பை இப்படி ஒருவரும் பாராட்டியதில்லை. அடுத்த கணம்தான் மூளை விழித்தது. மாங்காயா? அந்தக் குழம்பை வேறு யாரும் தொட்டதில்லை. சமைத்த சட்டியிலிருந்து நேரே டப்பாவுக்கும் தன் கோப்பைக்கும்தான் போனது. அதற்குள் மாங்காய் போட்டிருந்தது சமைத்தவனுக்குத் தெரியும். தின்றவனுக்குத் தெரியும். அவன் பாலேந்திராவைப் பார்த்தான். பாலேந்திராவும் தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டார். ரையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"வழக்கு பத்து நிமிஷம் ஒத்திவைக்கப்படுகுது," என்றார் அவர். "எதிரி என்ரை அறைக்கு வரலாம்."

அறை என்றது மாடிப்படிக்குக் கீழே மழைக் கோட்டுகள் தொங்கும் இடம். இரண்டு பேரும் ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள்.

"தம்பி," என்று பாலேந்திரா கிசுகிசுத்தார். "நூறு வழக்கிலை தொண்ணூறு வழக்கு அமெரிக்காவிலை ஜூரிக்கு முன்னாலையே வாறதில்லை. பேசித் தீர்க்கிறது. நீ கவனக்குறைவு எண்டு ஒப்புக்கொள்ளு. நான் அரைக் கோடு போடுறன். மூண்டு வராது."

"நீங்கள் திண்டதுக்கு நான் ஒப்புக்கொள்ளுறதோ?"

"அதுதானே அந்தச் சட்டத்தின்ரை அழகு!"

சேகர் தனக்கு வந்த சிரிப்பை ஒரு கோட்டுக் கையைக் கடித்து அடக்கினான். இரண்டு மாதமாகப் பூனைக்கு முன் எலியாக இருந்தவனுக்கு இப்போது வால் முளைத்த மாதிரி ஒரு துள்ளல். "முன்னறை," என்றான்.

"சரி."

"ரெண்டு வருசத்துக்கு."

"சரி, சரி."

"சற்றலைட் ரீவியும் அங்கையே நிக்கட்டும்."

பாலேந்திராவின் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அது மட்டும் வேண்டாம் தம்பி," என்றார். பிறகு வேறு குரலில், வழக்கறிஞரும் நீதவானும் இல்லாத வெறும் மனுஷக் குரலில் சொன்னார்: "கலா என்ரை உயிருக்காக நேர்ந்த விரதமடா. நாலு நாளாப் பாலோடை நிக்கிறாள். அவளுக்கு இது தெரியப்படாது."

சேகருக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் இருக்க வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தான், அகப்படவில்லை. கையைக் கொடுத்துப் பேரத்தை முடித்தான்.

மறுபடி நீதிமன்றம் கூடியது. எதிரி கவனக்குறைவை ஒப்புக்கொள்வதாகவும் அரைக் கோடு போதும் என்றும் நீதவான் அவசர அவசரமாக அறிவித்தார். கலாவதி கையை உயர்த்தினாள்.

"ஜூரி ஒரு கேள்வி கேக்கலாமோ? இஞ்சருங்கோ, நேற்று மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

பாலேந்திரா கலண்டரைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார். "ஐந்தாம் திருத்தம்," என்றார்.

"அதென்ன கறி?"

"கறியில்லை கலா. அமெரிக்க அரசியல் சட்டம். தனக்கெதிரா வாயைத் திறக்காமல் இருக்க ஒரு மனுசனுக்கு உரிமை இருக்கு."

"அப்பிடியோ," என்றாள் கலாவதி. பிறகு சேகர் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீ முருகனைப் பாத்துச் சொல்லு. நீதானோ?"

சேகர் முருகனைப் பார்த்தான். விரத நாளில், வதனி வர இரண்டு கிழமை இருக்க, இப்படி ஒரு பொய்யா? பக்கத்தில் பாலேந்திரா ரையை முறுக்கிக்கொண்டிருந்தார். முருகன் எப்போதும் போல் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கோபிக்க மாட்டார் என்று ஒரு நம்பிக்கையில் சேகர் கண்ணை மூடினான். "நான்தான் அக்கா."

கலாவதி எழுந்தாள். கணவனின் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தாள். பிரிட்ஜுக்குப் போய்ச் சேகர் பெயருக்கு நேரே மூன்றாவது கோட்டை, மேலிருந்து கீழே, நல்ல நீளமாக இழுத்தாள்.

"மூண்டு. போய்ச் சூட்கேஸை எடு."

"அது அரைக் கோடு, கலா!" என்று பாலேந்திரா கத்தினார்.

"அரைக் கோடெண்டு இதிலை எங்கை எழுதியிருக்கு? சட்டம் சட்டம்தான் எண்டு யோகனுக்குச் சொன்னது ஆர்?"

வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடச் சேகருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் முருகனைப் பார்த்துச் சொன்ன பொய்யை உடனே திருப்பி எடுத்தால் அது இரண்டு பொய்யாகிவிடும் என்று ஏதோ ஒரு கணக்கு அவன் தலைக்குள் ஓடியது. மேலே போனான். உடுப்புகளை அள்ளிப் போட்டான். வதனியின் கடிதங்களை மேலே வைத்துப் பூட்டினான். சூட்கேஸ் ஒவ்வொரு படியிலும் டொக், டொக் என்று இடித்துக்கொண்டு இறங்கியது. படி பதின்மூன்று. பத்தாவது படியில் அருட்பிரகாசம் சிலுவை போட்டுக்கொண்டார். சேகர் சப்பாத்தைப் போட்டு, முன்கதவுப் பிடியில் கையை வைத்தான்.

"ஒப்ஜெக்சன்!"

வீடே அதிர்ந்தது. பாலேந்திரா குசினி வாசலில் நின்றார். ரை முதுகுப் பக்கம் போயிருந்தது.

"ஆருக்கு ஒப்ஜெக்சன்?" என்றாள் கலாவதி.

"எனக்குத்தான்! எனக்கு நானே. திண்டது நான், கலா. பொடியன் இல்லை. நான்தான் திண்டனான்." அவர் அழுதார். சிரிப்பு வரும் கோலத்தில் நின்று அழுதார். "ஐஸ்கிறீம் எண்டு நினைச்சுத்தான் திறந்தனான். ஐஸ்கிறீம் பால்தானே, விரதத்துக்குப் பிழையில்லை எண்டு…"

"திறந்தது சரி," என்றாள் கலாவதி. "சூடாக்கினது?"

அதற்கு அமெரிக்க அரசியல் சட்டத்தில் பதில் இல்லை.

"வாயைத் திறக்காமல் இருக்கிற உரிமையை," என்று அவள் தொடர்ந்தாள், "நேற்று மத்தியானமெல்லோ பாவிச்சிருக்க வேணும்? அந்தக் குழம்புக்கு மாங்காய் குடுத்தது நான். கடையிலை ஒண்டுதான் கிடைச்சது, அவருக்குச் சொல்லாதை எண்டு பொடியனிட்டை இரகசியமாக் குடுத்தனான். நீங்கள் மாங்காய் எண்டு வாய் வைச்சவுடனேயே எனக்கு வழக்கு முடிஞ்சுது. பிறகு நான் பாத்துக்கொண்டிருந்தது, எத்தினையாம் படியிலை நீங்கள் வாயைத் திறப்பீங்கள் எண்டுதான்."

மாங்காய் எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பதற்றத்தில் அடியோடு மறந்திருந்த சேகர் கதவுப் பிடியை விட்டான். அங்கேயே படியில் குந்திவிட்டான். கணேசலிங்கம் தன் வாழ்க்கையின் முதல் வழக்கில் வென்றுவிட்டதாகக் கையைத் தட்டினான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

பாலேந்திரா நேரே பிரிட்ஜுக்குப் போனார். தன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். "விரதம் முறிச்சது." இன்னொன்று. "பொய் சொன்னது." மூன்றாவதைப் போடும்போது பேனை அட்டையைக் கிழித்தது. "ஒரு பிள்ளையைப் படியாலை இறக்கினது." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நடந்து வந்தார், சூட்கேஸைத் தூக்கினார், கதவைத் திறந்து தூறலுக்குள் போனார்.

"அண்ணை," என்று சேகர் கூப்பிட்டான். "அது என்ரை சூட்கேஸ்."

அவர் திரும்பவில்லை. சட்டம் என்றால் சட்டம் என்று நம்பிய மனுஷன், கோட்டும் சாரமும் செருப்புமாக வீட்டு முன்மதிலில் போய், வதனியின் கடிதங்கள் இருந்த அந்தச் சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். அந்த வழியால் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அவரைப் பார்த்துக் காரணம் தெரியாமலே சொறி சொல்லிவிட்டுப் போனார்.

கலாவதி பச்சைப் பிடி போட்ட ஒரு புதுச் சட்டியை எடுத்துப் பாலைக் காய்ச்சினாள். பொங்கி வந்த பிறகுதான் யன்னலால் எட்டிப் பார்த்தாள். "போய்க் கூட்டிக்கொண்டு வா, தம்பி. நனைஞ்சால் பிறகும் ஆஸ்பத்திரிதான். தண்டனை நாளைக்குச் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வேயில் சனம் அலைமோதியது. சூரன் ஆடி ஆடி வந்தான். தலைக்கு மேல் தலையாக மாற்றிக்கொண்டு வந்தான். வேல் போய்த் தொட்டது. சனம் அரோகரா என்று எழுப்பிய சத்தத்தில் பாலேந்திரா கண்ணை மூடிக்கொண்டார். தனக்குத்தான் அந்த வேல் என்று நினைத்திருப்பார். கலாவதி அவர் முழங்கையை இடித்தாள்.

"கண்ணைத் திறந்து பாருங்கோ. சூரனை முருகன் கொன்றவரே? மயிலாக்கினார், சேவலாக்கினார். ஒண்டிலை ஏறி ஓடுறார், மற்றதைக் கொடியிலை வைச்சிருக்கிறார். உங்கடை அமெரிக்காவிலை அவனை ஆயுளுக்கும் பூட்டி வைச்சிருப்பாங்கள். எங்கடை ஆள் வேலை குடுத்திருக்கிறார்." அவள் குரல் இளகியது. "இனி நீங்கள்தான் இந்தப் பொடியனுக்கு மயில்."

தண்டனை அதுதான். தொலைக்காட்சியைப் பாலேந்திராவே குசினி மூலைக்குத் தூக்கிக்கொண்டு போனார். முன்னறைக்கு அவரே வெள்ளை அடித்தார், பாதி தன் தலையில். கார்த்திகை பதினொன்று காலையில் பழைய காரில் சேகரை ஏற்றிக்கொண்டு ஹீத்ரோவுக்குப் போனார். விமானம் வர மூன்று மணித்தியாலம் இருந்தது. சேகர் நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் அந்தரப்பட்டான். வதனி தள்ளுவண்டியோடு வெளியே வந்தபோது அவன் ஒத்திகை பார்த்த ஒரு வசனமும் வரவில்லை. பாலேந்திராதான் முன்னால் போய்ப் பெட்டியைத் தூக்கினார். "வா பிள்ளை, நான் இவன்ரை மயில்," என்றார். அந்தப் பிள்ளை என்ன விளங்கிக்கொண்டதோ, கும்பிட்டது.

வந்த களை தீர முன்னமே வதனி குசினிக்குள் புகுந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை. பெட்டிக்குள்ளிருந்து அம்மா கட்டித் தந்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்தாள், அடுப்பை மூட்டினாள், கைக்கு முதலில் அகப்பட்ட சட்டியை வைத்தாள். வாசம் வீடெல்லாம் பரவியதும் எல்லோரும் ஆசையாக ஓடி வந்தார்கள். வந்தவர்கள் வாசலில் அப்படியே நின்றார்கள்.

பச்சைப் பிடி.

வதனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஐந்து முகத்தையும் பார்த்தவுடன் ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி சேகரைப் பார்த்தாள். சேகர் பிரிட்ஜ் கதவைப் பார்த்தான். கிழிந்த அட்டை இன்னும் அங்கேதான் தொங்கியது.

பாலேந்திரா பேனையை எடுத்தார். பிரிட்ஜுக்குப் போனார். தன் பெயருக்கு எதிரே, ஏற்கெனவே இருந்த மூன்று கோட்டுக்குப் பக்கத்தில், நான்காவதாக ஒரு கோடு போட்டார்.

"எந்தச் சட்டி எண்டு பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்காதது என்ரை பிழை," என்றார். "பிரட்டு பிள்ளை, அடிப்பிடிக்கப் போகுது."

அருட்பிரகாசம் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை," என்றார். "வேதக் கணக்கிலை இன்னும் நானூற்றி எண்பத்தாறு இருக்கு."